விளக்கு வைத்த பக்கம்

நாமக்கல்
20 நவம்பர் 2024

அன்புத் தம்பி அருள்மணிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நீயும் அம்பிகாவும் எப்படி இருக்கிறீர்கள்? டில்லியில் ஒரே புகை, பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்டுவிட்டார்கள் என்று டிவியில் காட்டினார்கள். கேமராவுக்கு உறை போடுகிறவன் உன் மூக்குக்கும் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு போ. எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. உன் மச்சானுக்கு ரிட்டயர்டான பிறகு வாயைத் தவிர எல்லாவற்றுக்கும் ஓய்வு.

இந்தக் காலத்தில் கடுதாசியா என்று சிரிக்காதே. ஃபோன் வந்தாலே அவர் "ஸ்பீக்கர்ல போடு உமா" என்கிறார். அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்.

இந்துஜாவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டோம். நல்லதாக ஒரு போட்டோ வேண்டும். குர்கானிலிருந்து ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறாள் அல்லவா, அப்படியே எடுத்து அனுப்பு. ஊரான் வீட்டுக் கல்யாணத்தையெல்லாம் படம் பிடிக்கிற தாய்மாமன் அக்கா மகளை எடுக்க மாட்டானா?

அவள் இடது காதுக்குக் கீழே, கழுத்தோரத்தில், புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளைத் திட்டு விழுந்திருக்கிறது பார், அது மட்டும் தெரியக்கூடாது. ஒட்டிக்கொள்கிற வியாதி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊர் கேட்கிறதா? இரண்டு வீட்டில் படத்தைப் பார்த்ததும் "அப்பறமாச் சொல்றோமுங்க" என்று ஃபோனை வைத்தவர்கள்தான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்கள். நான் உன்னிடம் ஒரே ஒரு பொய்தான் கேட்கிறேன். அவளிடம் மூச்சு விட்டுவிடாதே.

அம்பிகாவை விசாரித்ததாகச் சொல்.

அக்கா
உமாமகேஸ்வரி


கிட்வாய் நகர், புது டில்லி
3 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புகை குறைந்துவிட்டது, இருமல்தான் குறையவில்லை. அம்பிகாவின் ஆபீஸில் பாதிப் பேர் இருமிக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார்களாம். உன் முழங்காலுக்குத் தைலத்தை நம்பிக்கொண்டிருக்காமல் எலும்பு டாக்டரிடம் காட்டு.

போன ஞாயிற்றுக்கிழமை இந்துஜா வந்தாள். ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டு எடுத்தோம். நன்றாகச் சிரித்தாள். படத்தை நேற்றே உன் வாட்ஸப்புக்கு அனுப்பிவிட்டேன், பார்த்திருப்பாய்.

இங்கே கல்யாண வீடுகளில் "பையா, தோடா கோரா கர் தேனா" என்பார்கள். கொஞ்சம் சிவப்பாகக் காட்டு என்று அர்த்தம். முகத்தை மெழுகுகிற வேலை நம்மிடம் கிடையாது என்று நான் வீறாப்பாகச் சொல்கிறவன். அதனால் உன் படத்திலும் எதையும் அழிக்கவில்லை. விளக்கை அவளுடைய இடது பக்கம் கொஞ்சம் கிட்டே வைத்தேன், அவ்வளவுதான். கழுத்தோரம் முழுக்க வெளிச்சத்தில் வெளுத்துவிட்டது. திட்டும் அதோடு கலந்துவிட்டது.

என் கேமரா ஒவ்வொரு க்ளிக்கையும் இரண்டு விதமாகச் சேமிக்கும். ஒன்றுக்கு ‘ரா’ என்று பெயர், அது கரைத்து வைத்த மாவு. இன்னொன்று ‘ஜேபெக்’, கேமராவே சுட்டுத் தருகிற தோசை. சுட்ட தோசையில் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. ராவில் வெளிச்சத்தைக் குறைத்தால் அந்த இடம் திரும்ப வந்துவிடும். உனக்கு அனுப்பியது ஜேபெக்.

படம் எடுக்கும்போது அவள் ஒன்று சொன்னாள். அதை இன்னொரு சமயம் எழுதுகிறேன். மச்சானுக்கு என் வணக்கம்.

அன்புத் தம்பி
அருள்மணி


மின்னஞ்சல்
9 டிசம்பர் 2024

அன்புள்ள மாமா,

நலம்தானே? அத்தை செய்த கொள்ளுப் பருப்பின் புண்ணியத்தில் என் சளி போய்விட்டது. பக்கத்து சீட்டுக்காரிக்கு என் ஸ்க்ரீனை எட்டிப் படிக்கிற வியாதி. அதனால் ஆபீஸில் உட்கார்ந்து தமிழில் மெயில் எழுதுகிறேன், இதுதான் எனக்கு லாக்கர்.

நீங்கள் அனுப்பிய படத்தை எத்தனை தடவை திறந்து பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். திட்டு அப்படியே இருக்கிறது. ஆனால் முதலில் கண்ணில் படுவது அது இல்லை, நான்தான். காலேஜில் அது வந்ததிலிருந்து கேமராவைப் பார்த்தாலே தலையைச் சாய்த்து முடியை முன்னால் இழுத்துவிடுவேன், அப்படியும் ஓரத்தில் தெரிந்துவிடும். இந்தப் படத்தில் நேராக நிற்கிறேன். இப்படி ஒரு படம் எனக்கு இருந்ததே இல்லை மாமா.

"மறைச்சுடாதீங்க மாமா, பாத்துட்டு வர்றவன் வரட்டும்" என்று நான் சொன்னபோது நீங்கள் சரியென்று தலையாட்டினீர்கள். உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்கு முழு நம்பிக்கை இல்லை. அம்மா உங்களை ஏதாவது சொல்லிக் கெடுத்திருப்பார் என்று நினைத்தேன். சந்தேகப்பட்டதற்கு மன்னித்துவிடுங்கள்.

அம்மாவுக்கும் இதே படம்தானே அனுப்பினீர்கள்?

அன்புடன்
இந்துஜா


நாமக்கல்
18 ஜனவரி 2025

அன்புத் தம்பிக்கு,

ஆசீர்வாதம். பொங்கல் நல்லபடியாகப் பொங்கியது. அங்கே குக்கரில் வைத்தீர்களா? அம்பிகாவுக்குப் புடவை எடுத்து வைத்திருக்கிறேன், வரும்போது வாங்கிக்கொள்.

நல்ல சேதி. ஈரோட்டிலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை பெயர் ப்ரசன்னா, சிங்கப்பூரில் பாங்கில் வேலை. அவன் அம்மா எனக்கு ஃபோன் பண்ணி, "உங்க பொண்ணு போட்டோவ எங்க ஃப்ரிட்ஜ் மேலயே வெச்சுட்டமுங்க" என்றார். உன் மச்சான் ஸ்பீக்கரில் அதைக் கேட்டுவிட்டு நாள் முழுக்கத் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். இந்துஜாவும் பையனும் ஃபோனில் பார்த்துப் பேசிக்கொள்கிறார்கள். அவள் குரலே மாறிவிட்டது.

படத்தைப் பார்த்து இரண்டு முறை அழுதேன். என் பிள்ளையை ஒரு குறையுமில்லாமல் பார்த்து எவ்வளவு வருஷமாகிறது. நீ நன்றாக இருக்க வேண்டும்.

அவள் என்னமோ சொன்னாள் என்று எழுதியிருந்தாய். என்ன சொன்னாள்?

அக்கா


மின்னஞ்சல்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமா,

நலமா? என் போன மெயிலுக்குப் பதிலே இல்லை. கல்யாண சீசன், மனுஷன் வீட்டுக்கே வருவதில்லை என்று அத்தை சொன்னார். இரண்டு ஞாயிறு வந்தபோதும் நீங்கள் இல்லை. எனக்கு ஆறிப்போன சாம்பார்தான் மிச்சம்.

ப்ரசன்னாவைப் பற்றி அம்மா சொல்லியிருப்பார். எனக்குப் பிடித்திருக்கிறது. ஏன் என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இவ்வளவு நாள் பேசுகிறோம், அவர் ஒரு தடவைகூடத் திட்டைப் பற்றிக் கேட்கவில்லை. என்ன மருந்து போடுகிறாய், பரவுமா, குறையுமா என்று ஒன்றும் இல்லை. வீடியோவில் இந்த ஃபோன் என் முகத்துக்கு மைதா பூசிவிடுகிறது, அதில் எதுவும் தெரியாது. ஆனால் படத்தைப் பார்த்துவிட்டுத்தானே சரி என்றார்? நானே பேச்சை எடுக்கலாமா என்று யோசித்தேன். பார்த்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதவரிடம் போய் அதை நாமே எடுத்து நீட்டுவானேன் என்று விட்டுவிட்டேன்.

இப்படி ஒருத்தர் கிடைப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. நீங்கள் எடுத்த படம்தான் அவரைக் கொண்டுவந்தது. அடுத்த ஞாயிறாவது வீட்டில் இருங்கள்.

இந்துஜா


கிட்வாய் நகர், புது டில்லி
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சௌக்கியமா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

இன்று இந்துஜா வருகிறாள் என்று தெரிந்தே சரோஜினி நகர் மார்க்கெட்டில் ஒன்றும் வாங்காமல் சுற்றிவிட்டு, அவள் போன பிறகு வீட்டுக்கு வந்தேன். இந்த வயதில் அக்கா மகளுக்குப் பயந்து ஒளிகிறேன்.

அவள் சொன்னதை இப்போது எழுதுகிறேன். மறைக்காதீர்கள், பார்த்துவிட்டு வருகிறவன் வரட்டும் என்றாள். நான் தலையாட்டிவிட்டு விளக்கை நகர்த்தினேன். உனக்கு ஜேபெக்கை அனுப்பினேன். அவளுக்கு ராவிலிருந்து வெளிச்சத்தைக் குறைத்து, திட்டுத் தெரிகிற மாதிரி ஒரு படம் செய்து அனுப்பினேன். ஒரே க்ளிக் அக்கா. உனக்கும் நல்லவன், அவளுக்கும் நல்லவன் ஆகிவிடலாம் என்று நினைத்தேன். இப்போது அவள், அந்தப் பையன் எல்லாம் தெரிந்துதான் ஒத்துக்கொண்டான் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அதற்காகவே அவனை அவளுக்குப் பிடித்திருக்கிறது.

அம்பிகாவிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு உங்கள நம்பித்தான நின்னா?" என்று கேட்டாள்.

ஈரோட்டுக்காரர்களிடம் நீயே ஒரு வார்த்தை சொல்லிவிடு. நல்ல பையன் என்றால் கேட்டுக்கொள்வான். நீயே இந்துஜாவிடம் சொல்லேன் என்பாய். உண்மையாகவே எனக்குத் தைரியம் இல்லை. அவள் அந்தப் படத்தைப் பற்றி எழுதியதை நீ படித்திருந்தால் உனக்கும் வராது.

அருள்மணி


நாமக்கல்
25 பிப்ரவரி 2025

தம்பிக்கு,

நலம். நீ எழுதியதைப் படித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை.

வரும் மார்ச் 16-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வருகிறார்கள். பையனும் லீவு போட்டுவிட்டு வருகிறான். இந்த நேரத்தில் போய், "உங்களுக்குக் காட்டுனது ஒண்ணு, இருக்கறது ஒண்ணு" என்று என்னைச் சொல்லச் சொல்கிறாயா? தாலி ஏறுகிறவரைக்கும் வாயை மூடிக்கொண்டிரு. அன்றைக்கு நானே அவளுக்கு அந்த இடத்தில் க்ரீம் பூசிவிடுகிறேன். கல்யாணத்துக்கு அப்புறம் எந்தப் புருஷன் புளியங்கொட்டையைப் பார்த்துப் பெண்டாட்டியை வேண்டாம் என்கிறான்?

உனக்குப் பிள்ளை இல்லை, அதனால் உனக்கு நேர்மை சுலபம். இப்படி எழுதக்கூடாது என்று தெரியும், எழுதிவிட்டேன். எழுதியதை அடித்துத் திருத்த மனசில்லை. இரண்டாவது வீட்டார் ஃபோனை வைத்தபோது, தீபாவளி லீவில் வந்திருந்தவள் மாடிக்குப் போய்த் துணி மடித்தாள். மடித்ததையே பிரித்துப் பிரித்து மடித்தாள். அதை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

பாவம் என்றால் அது என்னைச் சேரட்டும். நீ வாய் திறக்காதே.

அக்கா


மின்னஞ்சல்
23 மார்ச் 2025

மாமாவுக்கு,

நான் நேற்று குர்கான் திரும்பிவிட்டேன். உடம்பு நன்றாக இருக்கிறது. உங்கள் ஃபோனை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது.

அன்று அம்மா என் கழுத்தில் க்ரீம் பூச வந்தார். எதற்கு, அவர்களுக்குத்தான் தெரியுமே என்று துடைத்துவிட்டேன். அம்மா மறுபடி பூச வந்தார், கையைத் தள்ளிவிட்டேன். காபித் தட்டோடு போனேன். ப்ரசன்னாவின் அம்மா என் கழுத்தையே பார்த்தார். பிறகு என் அம்மாவிடம், "போட்டோவுல இப்படி இல்லீங்களே" என்றார். ப்ரசன்னா ஃபோனை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஃபோனைப் பார்த்தார். அப்பா ஒன்றும் புரியாமல் எல்லாருக்கும் மிக்சரை நீட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு நாள் கழித்து ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ப்ரசன்னா எனக்கு ஒரு மெசேஜ் போட்டார். "இதை நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கு ஒண்ணுமே இல்ல. போட்டோல மறைச்சு ஏமாத்தினதுதான் கஷ்டமா இருக்கு." கூடவே அவரிடம் இருந்த படத்தையும் அனுப்பியிருந்தார்.

அதே சிரிப்பு. அதே துப்பட்டா மடிப்பு. நெற்றியில் அதே ஒரு முடி. கழுத்து மட்டும் வெள்ளை.

என்னிடம் இருப்பதில் திட்டு இருக்கிறது. அவரிடம் இருப்பதில் இல்லை. ஒரே படம்தானே மாமா?

இந்துஜா


மின்னஞ்சல்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள இந்துஜாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள், ஜெய்ப்பூரில் ஒரு கல்யாணம், வந்ததும் கோல் மார்க்கெட்டில் ஒரு நிச்சயதார்த்தம் என்று வேலை மாறி மாறி இருந்தது.

நீ கேட்டதற்குத் தொழில்முறையில் ஒரு காரணம் இருக்கிறது. கேமரா ஒரு படத்தை ரா, ஜேபெக் என்று இரண்டு ஃபைலாக வைக்கும். ஜேபெக் சின்ன ஃபைல். வெளிச்சம் அதிகம் பட்ட இடத்தை வெள்ளை என்று அதுவே முடிவு செய்து, அங்கே இருந்த மற்ற விவரத்தைத் தூக்கிப் போட்டுவிடும். ரா எதையும் அவ்வளவு சீக்கிரம் தூக்கிப் போடாது. உனக்கு அனுப்பியது ராவிலிருந்து செய்தது. அம்மாவுக்கு அவசரத்தில் ஜேபெக் போய்விட்டது. பெரிய ஃபைல் அவர் ஃபோனில் திறக்காது என்பதும் ஒரு காரணம். அந்தப் பையனுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாததால் தப்பாக எடுத்துக்கொண்டான்.

அத்தை உன்னைக் கேட்டாள். ஞாயிறு வா.

மாமா


மின்னஞ்சல்
21 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

நலம். நீங்கள் எழுதியதை நெட்டிலும் படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். வெளிச்சம் அதிகம் பட்ட இடத்தைத்தான் ஜேபெக் தூக்கிப் போடுமாம்.

முதலில் விளக்கு என் வலது பக்கம் இருந்தது. நான் மறைக்காதீர்கள் என்று சொன்ன பிறகு, "இரு கண்ணு, கண்ணு கூசுதுல்ல" என்று அதை இடது பக்கம் கொண்டுவந்தீர்கள். எனக்குக் கண் கூசவில்லை. மாமாவுக்குத் தெரியும் என்று பேசாமல் நின்றேன்.

இந்துஜா


மின்னஞ்சல்
11 மே 2025

இந்துஜா கண்ணுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும்.

விளக்கை நான்தான் வைத்தேன். வேண்டுமென்றே வைத்தேன். திட்டு எந்த அளவு வெளிச்சத்தில் காணாமல் போகும் என்று எடுத்துப் பார்த்து, போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் கிட்டே தள்ளினேன். எந்த ஃபைல் யாருக்கு என்பதையும் தெரிந்தே பிரித்தேன். அவசரம் என்று எழுதியது பொய். ஜேபெக்கின் மேல் பழி போட்டது அதைவிடக் கேவலம். அது நான் கொடுத்த வெளிச்சத்தைத்தான் வாங்கிக்கொண்டது.

இத்தனை வருஷம், நான் யார் முகத்தையும் மாற்றுகிறவன் இல்லை என்று டில்லி பூராவும் சொல்லித் திரிந்தேன். அழிக்காமலே அழிக்கிற வித்தையை என் வீட்டுப் பெண்ணிடம் காட்டிவிட்டேன். நீ கல்யாணம் நின்றதற்காக அழுதிருப்பாய். ஏமாற்றுக்காரி என்ற பெயரையும் சேர்த்துச் சுமக்கிறாய். அது என்னுடைய பெயர்.

ப்ரசன்னாவுக்கு எழுதிவிட்டேன். ரா ஃபைலையும் அனுப்பினேன். இதில் இந்துஜாவுக்கு ஒன்றும் தெரியாது, அவள் மறைக்காதே என்று சொல்லியும் மறைத்தவன் நான் என்று எழுதினேன். "ஓகே அங்கிள், சொன்னதுக்கு நன்றி" என்று பதில் வந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவன் திரும்ப வருவான் என்று நினைத்து நான் எழுதவில்லை. எழுதியபோது கொஞ்சம் நினைத்தேன்தான்.

உன் அம்மாவை ஒன்றும் கேட்காதே. எல்லாம் நான் செய்தது.

அருள்மணி மாமா


மின்னஞ்சல்
1 ஜூன் 2025

மாமாவுக்கு,

நலம். அத்தையின் இருமல் நின்றதா? அத்தையிடம் மட்டும் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தேன். உங்களைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நீங்கள் அம்மாவைக் காப்பாற்ற வேண்டாம். அம்மா போன மாதம் என்னைப் பார்க்கக் குர்கான் வந்த அன்றே என் காலைப் பிடிக்காத குறையாக அழுது எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அம்மா கேட்பார் என்று எனக்கு எப்போதும் தெரியும். நீங்கள் செய்ய மாட்டீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ப்ரசன்னா எனக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினார். நல்ல வார்த்தைகளாக எழுதியிருந்தார். தன் வீட்டில் இனி இந்தப் பேச்சை எடுக்க முடியாது என்றும் எழுதியிருந்தார். நானும் சரி என்றேன். பரவாயில்லை என்று உங்களுக்கு எழுத ஆசைதான். பரவாயில்லாமல் இல்லை மாமா. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அவர் ஃபோன் வருகிற நேரத்தில் கை தானாகப் போகிறது.

திட்டுத் தெரிகிற அந்தப் படத்தை நானே வரன் பார்க்கும் தளத்தில் போட்டிருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்கும்போது கேட்கட்டும்.

என் கல்யாணம் என்றைக்கு நடந்தாலும் தாய்மாமன் நீங்கள்தான். அந்த இடத்தில் வேறு யாரையும் நிறுத்த மாட்டேன். மாலையை நீங்கள்தான் எடுத்துத் தர வேண்டும். மண்டபத்துக்கு முதல் நாளே அத்தையை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

கேமராவை மட்டும் கொண்டுவராதீர்கள்.

இந்துஜா